சுவரில் நீந்தும் மீன்கள்



வெறுஞ்சுவரைக் கண்டால் மனிதனுடைய கை சும்மா இருப்பதில்லை. குகையில் வாழ்ந்த நாளிலேயே அவன் பாறையில் மானையும் மாட்டையும் எழுதி வைத்தான். நம் பாட்டிமார் மண்சுவரை மெழுகிச் செம்மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு பட்டை தீட்டினர். நம் பெற்றோர் சாமி படத்தையும் நாட்காட்டியையும் மாட்டினர். இன்று நம் வயதினர் சிலர் தம் அறைச் சுவரில் மாட்டி மகிழ்வது எதனை? சொறிமுட்டையை! பேய்க்கணவாயை! கடற்குதிரையை!

நகைக்க வேண்டா. உண்மையைத்தான் சொல்கிறேன். ஒரு காலத்தில் விலங்கியல் வகுப்பறையில் தொங்கிய கடல்வாழ் உயிர்களின் சுவர்ப்படங்கள், அதாவது நாம் பேச்சில் 'சார்ட்' என்று சொல்லும் படங்கள், இப்போது வீட்டு அலங்காரப் பொருள்களாக மாறியிருக்கின்றன. பழைய படத்தைப் புதிதாக அச்சிட்டு, தாளுக்குப் பழுப்பு நிறம் ஏற்றி, மேலும் கீழும் மரக்கட்டை பொருத்தி, இணையக் கடைகளில் விற்கிறார்கள். காப்பிக் கடைச் சுவர்களிலும், புதுமணத் தம்பதியர் வீட்டுக் கூடங்களிலும், மாணவர் அறைகளிலும் அவற்றைக் காண்கிறோம்.

இதனை வீண் பகட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு படத்தை மாட்டியவன். மாட்டும்போது ஒரு பிழை செய்தவன். அந்தப் பிழைதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. அதனை உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. ஆயினும் அதற்கு முன், இந்தச் சுவர்ப்படம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, பாடத்திற்காக எழுதிய படம் ஏன் இத்தனை அழகாக அமைந்தது என்பவற்றைச் சொல்லிவிட வேண்டும். அவற்றை அறிந்த பின்னரே என் பிழையின் அளவு உங்களுக்கு விளங்கும்.

நான் சித்தூர்க்காரன். எங்கள் பக்கத்தில் மாந்தோப்பு உண்டு, குன்று உண்டு, கடல் இல்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதனோடு சேர்ந்தது. அதனால் ஸ்ரீஹரிகோட்டாவும், பழவேற்காட்டு ஏரிக்கரையின் ஒரு பகுதியும் திருப்பதி மாவட்டத்தின் பங்காயின. ஆகவே ஏழுமலையான் ஊருக்கு இன்று கடல் உண்டு. சித்தூருக்கு மட்டும் இன்றும் இல்லை.

நான் படித்தது அங்குள்ள ஒரு தமிழ் வழிப் பள்ளியில். எட்டாம் வகுப்பில் ஒருநாள் எங்கள் அறிவியல் ஆசிரியர், சுருட்டி வைத்திருந்த ஒரு படத்தைக் கரும்பலகைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டி மெல்ல அவிழ்த்துவிட்டார். நீல நிறத்தில் கடல். அதில் பன்னிரண்டு உயிர்கள். கண்ணாடிக் குடை போல ஒன்று. ஐந்து கைகளை விரித்துக்கொண்டு ஒன்று. குதிரை முகமும் சுருண்ட வாலுமாக ஒன்று. ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். படத்தின் கீழே வெள்ளை ஓரத்தில் அந்த எண்களுக்கு உரிய பெயர்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. ஆங்கிலப் பெயர் ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியர் தம் கையால் கறுப்பு மையில், பொடி எழுத்தில், தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் எழுதியிருந்தார்.

அவர் பழவேற்காட்டில் பிறந்தவர். கடலைப் பார்த்தே வளர்ந்தவர். கடலில்லாத ஊரில் கடலைப் பற்றிப் பாடம் நடத்த வந்தவர். குச்சியால் அந்தக் கண்ணாடிக் குடையைத் தொட்டு, "இதன் பேர் சொறிமுட்டை. பேரிலேயே பாடம் இருக்கிறது. தொட்டால் சொறியும்" என்றார். கரையில் செத்துக் கிடந்தாலும் அதன் இழைகளில் உள்ள கொட்டும் உயிரணுக்கள் வேலை செய்யக்கூடும் என்று விளக்கினார். கடற்கரைப் பிள்ளைக்குப் பட்டறிவால் வரும் எச்சரிக்கை, எங்களுக்கு ஒரு பெயரால் வந்துவிட்டது.

பிறகு தம் சட்டைப் பையிலிருந்து வெண்மையான ஒரு துண்டை எடுத்தார். "உங்கள் பாட்டியைக் கேட்டால் இது கடல் நுரை என்பார். நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பேரில்தான் கொடுக்கிறார்கள். இது நுரை இல்லை. அதோ, ஐந்தாம் எண்ணில் இருக்கிறதே கணவாய், அதன் உடம்புக்குள் இருக்கும் ஓடு" என்றார். நாங்கள் துண்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். எங்கள் தெருக்கோடி மருந்துக் கடைக்குள் கடல் வந்துவிட்டது போல் இருந்தது.

படத்தால் எனக்கு ஒரு மயக்கமும் ஏற்பட்டது என்பதை மறைக்கக் கூடாது. அதில் கடற்குதிரையும் சுறாவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. கடற்குதிரை ஆளுயரம் இருக்கும் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்னையில் முதன்முதலாகக் கடலைக் கண்டபோது, அலையைவிட அந்தக் குதிரையையே மிகுதியாகத் தேடினேன்! அளவு குறிக்காத படம் இப்படியும் ஏமாற்றும்.

இத்தகைய படங்கள் பெருகி வளர்ந்த இடம் ஜெர்மனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வி பரவப் பரவ, ஒரே ஆசிரியர் ஒரு கூட்டத்திற்கே பாடம் சொல்ல வேண்டியதாயிற்று. புத்தகப் படம் சிறியது. புட்டியில் சாராயத்தில் ஊறிய உயிரோ நிறம் வெளுத்து, உருச் சிதைந்து கிடக்கும். சொறிமுட்டையைக் கரையில் எடுத்துப் பார்த்தாலே அது வடிவம் குலைந்த கூழ்போல் ஆகிவிடுகிறது. கடைசி வரிசை மாணவன் எதைப் பார்ப்பான்? அவனுக்காகவே பெரிய படம் பிறந்தது.

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் ருடால்ஃப் லாய்க்கார்ட். அவர் ஹின்ரிஹ் நிட்ஷே என்பாருடன் சேர்ந்து 1877-ஆம் ஆண்டு முதல் விலங்கியல் சுவர்ப்படங்களை வரிசையாக வெளியிட்டார். இன்று விற்பனைக்கு வரும் மறு அச்சுகளில் இவ்வரிசையைச் சேர்ந்தவை பல. லாய்க்கார்ட் வெறும் படம் தொகுத்தவர் அல்லர். அவருக்கு முன்பு பிரெஞ்சு அறிஞர் கூவியே, சொறிமுட்டையையும் நட்சத்திர மீனையும் ஒரே பெரும் பிரிவில் வைத்திருந்தார். இரண்டும் சக்கரத்தின் ஆரம் போல நடுவிலிருந்து விரிவதே அதற்குக் காரணம். லாய்க்கார்ட் 1840-களில் அந்தப் பிரிவை உடைத்தார். சொறிமுட்டைக்கு உள்ளே இருக்கும் குழி ஒன்றே, அதுவே வயிறு. நட்சத்திர மீனுக்கு உணவுப்பாதை வேறு, அதனைச் சூழ்ந்த உடற்குழி வேறு. ஆகவே முன்னது குழியுடலி, பின்னது முட்தோலி. வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் இரண்டும் உறவினர் அல்ல என்று அவர் காட்டினார்.

இந்த ஒரு செய்தி மனத்தில் இருந்தால் பழைய படங்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். அவற்றில் முழு உயிர் ஒரு பக்கம் இருக்கும். அதனைக் குறுக்கே அரிந்த தோற்றம் ஒரு பக்கம் இருக்கும். கண்ணுக்குப் புலனாகாத இளம்பருவ உரு பெரிதாக்கப்பட்டு மற்றொரு பக்கம் இருக்கும். அலங்காரத்திற்காக மாட்டுகிறவர் அவற்றைப் பூ என்றும் கோலம் என்றும் எண்ணிக்கொள்கிறார். எழுதியவரோ, "இதன் வயிறு எங்கே, பார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்!

சில படங்கள் கறுப்புப் பின்னணியில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். யுங், கோஹ், குவென்டெல் என்னும் மூவர் பெயரால் வழங்கும் ஜெர்மானியச் சுவர்ப்பட வரிசை அதற்குப் பேர்போனது. கறுப்பு நிறம் மிடுக்காகத் தோன்றுவதால் இன்றைய அறைகளுக்கு அது மிகவும் பொருந்துகிறது. ஆனால் வகுப்பறையில் அதன் பயன் வேறு. வெளிறிய உடலும் மெல்லிய இழைகளும் உடைய உயிர் வெள்ளைத் தாளில் மறைந்துபோகும். கறுப்பில் பளிச்சென்று எழுந்து நிற்கும். கடைசி வரிசை மாணவனை நினைத்துத் தீட்டிய கறுப்பு அது.

அச்சிட்ட முறையும் அறியத் தக்கது. 1790-களின் இறுதியில் செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கல்லச்சு முறையைக் கண்டார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். எண்ணெய் மையைத் தடவினால், ஈரம் உள்ள இடம் அதனை ஏற்காது. வரைந்த கோடு ஏற்கும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்று நம் வீட்டு அடுக்களையில் அறிந்ததுதான் இதன் அடிப்படை. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்கள் வேண்டும். ஒரே தாளை அத்தனை கற்களின் மேலும் இம்மி பிசகாமல் வைத்து எடுக்க வேண்டும். அச்சான தாளைத் துணியில் ஒட்டி, மேலும் கீழும் உருட்டுக் கட்டை பொருத்தினார்கள். சுருட்டி எடுத்துச் செல்லவும் ஆணியில் தொங்கவிடவும் ஏற்ற அமைப்பு அது. இன்று அழகுக்காக வைக்கும் மரக்கட்டைகள் அன்று தேவைக்காக வந்தவை.

கடலுயிர் வகுப்பறையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தது நம் காலத்துப் புதுமையா? அன்று. அதற்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். இயற்கையின் கலை வடிவங்கள் என்னும் பொருள்பட அவர் 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுப்பில் நூறு படங்கள் உள்ளன. அவற்றுள் கடலுயிர்கள் மிகப் பல. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு ரெனே பினே என்ற கட்டடக் கலைஞர் அமைத்த பெருவாயில், ஹெக்கல் வரைந்த நுண்ணிய கடலுயிர்களின் வடிவத்தைத் தழுவியது. ஊசிமுனையளவு உயிரொன்று மாபெரும் தோரணவாயிலாக நின்றது!

இந்த ஹெக்கல் 1881-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, வெலிகமக் கடற்கரையில் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தவர். அவருடைய சொறிமுட்டைப் படங்களுள் ஒன்று இன்று பல நாடுகளில் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதில் நீண்ட இழைகள் கூந்தல் போல் அலைகின்றன. மணமாகிச் சில ஆண்டுகளுக்குள், 1864-இல், அவருடைய மனைவி அன்னா சேத்தே இறந்துபோனார். அந்தச் சொறிமுட்டைக்கு ஹெக்கல் 'அன்னாசேத்தே' என்று பெயரிட்டார். பெயரை அறியாதவனுக்கு அது நல்ல படம். அறிந்தவனுக்கு அது ஒருவன் தன் துணைவிக்குக் கட்டிய நினைவுச் சின்னம். ஒரு பெயர் எத்தனை வேலை செய்கிறது, பாருங்கள்!

நம் நாட்டுச் சுவர்களுக்கு வருவோம். 1894-இல் ஓவியர் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவி, இதே கல்லச்சு முறையால் இலக்குமியையும் சரசுவதியையும் எளிய மக்களின் இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தார். பின்னர்ப் பள்ளிகளுக்கான சுவர்ப்படங்களும் இங்கே அச்சாயின. உடல் உறுப்புகள், நற்பழக்கங்கள், பறவைகள், கடல்வாழ் உயிர்கள் எனத் தாள் தாளாக அவை தெருக்கோடிப் புத்தகக் கடைகளில் தொங்கின. தேர்வுக்கு முன்னும் பின்னும் அவற்றை வாங்கி வெட்டி ஒட்டாத மாணவர் நம்மில் யார்? சென்னையைச் சேர்ந்த தாரா பதிப்பகம் 2001-இல் இந்தியச் சுவர்ப்படங்களைத் தொகுத்து ஒரு நூலாகவே கொண்டுவந்தது. கடைத்தெருவில் சில்லறைக்கு வாங்கிய தாள், கலைப்பொருளாக மதிக்கப்பெறும் காலம் வந்துவிட்டது.

இவையெல்லாம் பிறர் கதை என்று எண்ண வேண்டா. சுவரில் மாட்டும் மீன் படங்களில் தமிழும் தெலுங்கும் இருக்கின்றன. இதனை நான் அறிந்தது அண்மையில்தான். அறிந்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அங்குச் சமயத் தொண்டு செய்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவர், நம் கடல் மீன்களைச் சேகரித்துப் பெர்லினுக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்ட மீன் நூலில் 432 வண்ணப் படங்கள் உள்ளன. அந்தப் படங்கள் இன்றும் சட்டமிட்டு விற்கப்படுகின்றன. தமக்கு மீன் அனுப்பியவரை மறவாத பிளாக், கத்தலை மீன் இனம் ஒன்றுக்கு 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். அவ்வினத்தில் ஒரு மீனுக்கு அவர் 1793-இல் இட்ட முழுப்பெயர் என்ன தெரியுமா? 'ஜானியஸ் கருட்டா'. கருத்த கத்தலை என்று நம் மீனவர் வழங்கிய சொல்லே அங்கே 'கருட்டா' ஆகி நிற்கிறது. உலகத்து விலங்கியலார் அனைவரும் இன்றளவும் அப்பெயரையே வழங்குகின்றனர்.

இனி ஆந்திரக் கரைக்குச் செல்வோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூலறிஞராக இருந்தவர் பாட்ரிக் ரசல். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரசல் விரியன் என்று பெயர் வரக் காரணமானவர் இவரே. விசாகப்பட்டினத்தில் கிடைத்த இருநூறு மீன்களைப் பற்றி இவர் எழுதிய நூல் 1803-இல் இரண்டு தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. ஒவ்வொரு மீனுக்கும் அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரை அவர் கேட்டு எழுதினார். அவற்றுள் ஒன்று 'கானகுர்த்தா'. ரசலின் அந்தக் குறிப்பைக் கொண்டு 1816-இல் கூவியே அந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அத்தெலுங்குச் சொல்லையே எடுத்துக்கொண்டார். இன்று அதன் பெயர் 'ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்த்தா'. அது எந்த மீன்? நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் கானாங்கெளுத்திதான்! கானகுர்த்தா, கானாங்கெளுத்தி என்று அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசி வளர்ந்த நம் செவிக்கு, அவை உறவுமுறை சொல்லி அழைப்பது போல் கேட்கும்.

ரசலின் மீன்களை வரைந்தவர் நம் நாட்டு ஓவியர். படம் இருக்கிறது, மீனின் பெயர் இருக்கிறது, வரைந்த கைக்கு நூலில் பெயர் இல்லை. மீனின் பெயரைச் சொன்ன வலைஞர்க்கும் பெயர் இல்லை. அவர்கள் விட்டுச் சென்றது அந்தச் சொல் ஒன்றே.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் சித்தூருக்குச் சென்றபோது என் பழைய பள்ளிக்குப் போனேன். வகுப்பறைக்குத் திரை வந்துவிட்டது. சுவர்ப்படங்கள் ஒரு மூலையில் பழைய தாள்களோடு கிடந்தன. நான் கேட்டதும் அந்தக் கடல் படத்தை மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டார்கள். அதனைத் திருப்பதிக்குக் கொண்டு வந்து, சாமி படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் படத்தை விரித்துப் பார்த்து, "கீழ் ஓரமெல்லாம் மையும் கறையுமாக இருக்கிறதே, தம்பி. அதை வெட்டிவிட்டால் சட்டம் அளவாக அமையும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும்" என்று தெலுங்கில் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. அவர் என்னைக் கேட்டுத்தான் செய்தார். நான் "சரி" என்றேன்.

படம் அழகாகத்தான் இருந்தது. வந்தவர் எல்லாரும் புகழ்ந்தார்கள். ஒருநாள் அறைத் தோழனின் தம்பி, "இது என்ன?" என்று ஒரு முள்ளுருண்டையைக் காட்டினான். அதன் அருகில் எண் இருந்தது. எண்ணுக்கு உரிய பெயர் இல்லை. எனக்கு நினைவு வரவில்லை. "ஏதோ கடல் பிராணி" என்றேன். அப்போதும் நான் உணரவில்லை.

மலைக்கு வழிபட வந்த என் பழைய ஆசிரியர், நான் திருப்பதியில் இருப்பதை அறிந்து, துணைவியாரோடு என் அறைக்கு வந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே போனார். சட்டத்தின் கீழ்ப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கீழே ஒரு வரிசை எழுத்து இருந்ததே, தம்பி?"

"வெட்டச் சொல்லிவிட்டேன், சார். கறையாக இருந்தது."

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தமிழ்ப் பேர் எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெலுங்குப் பேருக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கரையில் வலைக்காரர்களைக் கேட்டு எழுதினேன்" என்று மட்டும் சொன்னார். கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு தாளைக் கொண்டுவரச் சொன்னார். நான் எழுத, அவர் சொன்னார். சொறிமுட்டை, நட்சத்திர மீன், கடற்குதிரை, பேய்க்கணவாய், கணவாய், கடல் அட்டை, சுறா, திருக்கை, நண்டு, சிங்கி இறால். அந்த முள்ளுருண்டை கடல் முள்ளெலி. தமிழில் பதினொன்று வந்துவிட்டன. பன்னிரண்டாவது, பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல் விரிந்திருக்கும் உயிர். பாடப்புத்தகம் அதனைக் கடல் சாமந்தி என்கிறது. "எங்கள் ஊரில் அதற்கு வேறு பேர் சொல்வார்கள். நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தெலுங்குப் பெயர்களில் இரண்டொன்றே அவருக்கு நினைவு வந்தன.

அடுத்த முறை சித்தூருக்குச் சென்றபோது, சந்தையில் மீன் விற்கும் அக்காவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். "சொர, டேக்கு, பீத" என்று சுறாவுக்கும் திருக்கைக்கும் நண்டுக்கும் தடையின்றிச் சொன்னார். கடல் சாமந்தியைக் கண்டு, "இது கூடையில் வருகிற சரக்கு இல்லையே, தம்பி" என்று சிரித்தார். ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். "அந்த இடத்தைக் காலியாக விடு. தெரிந்தவர் யாராவது வந்து பார்த்துச் சொல்லுவார்" என்றார்.

இப்போது என் படத்தின் கீழே, தனித் தாளில், தமிழிலும் தெலுங்கிலும் பெயர்கள் இருக்கின்றன. அது என் கையெழுத்து. அவர் கையெழுத்து போனது போனதுதான். கடல் சாமந்தியின் கீழே ஒரு வெற்றிடமும் சில தெலுங்கு வெற்றிடங்களும் இன்னும் நிற்கின்றன. உங்களுள் கடற்கரை ஊரினர் யாரேனும் இருந்தால் வந்து நிரப்புங்கள். காப்பி கொடுத்து வரவேற்பேன்.

தோழர்களே, இத்தகைய படத்தை மாட்ட விரும்புவோர்க்குச் சில சொற்கள் கூறி முடிக்கிறேன்.

பிளாக், ரசல், ஹெக்கல் ஆகியோரின் படங்கள் பழையவை. அவற்றின் காப்புரிமை முடிந்துவிட்டது. பல்லுயிர் மரபு நூலகம் என்னும் இணைய நூலகத்தில் அவற்றை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். நல்ல தாளில் அச்சிட்டுக்கொண்டால் செலவு குறைவு. வெயில் நேரே விழும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கும், தாள் பழுக்கும். ஈரச் சுவர் ஆகாது. பூஞ்சையும் வரும், இராமபாணப் பூச்சியும் வரும். அந்தப் பூச்சியை ஆங்கிலத்தார் வெள்ளி மீன் என்கிறார்கள். உங்கள் படத்து மீன்களைத் தின்னும் மீன் அது ஒன்றே! கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள்.

உண்மையான கடற்குதிரையையும் கடல் அட்டையையும் உலர்த்தி அழகுக்கு வைக்க எண்ணாதீர்கள். 2001-ஆம் ஆண்டில் அவற்றை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். உயிர் கடலில் இருக்கட்டும். படம் சுவரில் இருக்கட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெயரை வெட்டாதீர்கள். பெயர் இல்லாத படத்திற்குப் பெயர் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள்; நம்மோடு வாழும் மக்களின் தெலுங்கிலும் எழுதுங்கள். உயிரின் உண்மை அளவையும் பக்கத்தில் குறியுங்கள். இன்னொரு சித்தூர்ச் சிறுவன் கடற்கரையில் ஆளுயரக் குதிரையைத் தேடி ஏமாற வேண்டா. நம் மன்றத்தின் அறைச் சுவர் ஒன்று வெறுமையாக இருக்கிறது. ரசலின் கானகுர்த்தாவையும் பிளாக்கின் கருட்டாவையும் அங்கே அருகருகே மாட்டுவோமா? செலவில் என் பங்கைத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

பெயர்களை எழுதும் வேலையை மட்டும் எனக்கே விட்டுவிடுங்கள். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.